சணற்கற்றையும் மிருதங்கமும்

கல்கத்தாவில் வாழும் தமிழருக்குப் பௌபஜார் வீதி புதியதன்று. இன்று அதற்கு விபின் விஹாரி கங்குலி வீதி என்று பெயர். அவ்வீதியின் 210-ஆம் இலக்கக் கட்டடத்தில் 1907-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம் ஒரு தமிழர் நடத்திய ஆராய்ச்சிகளைப் பற்றி நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஆயினும் நாம் படித்தது பெரும்பாலும் ஒளியைப் பற்றியதே. சர் சந்திரசேகர வேங்கட ராமன் என்றவுடன் 1928 பிப்ரவரி 28-ஆம் நாளும் 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசும் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவருடைய உழைப்பில் பெரும் பங்கைக் கவர்ந்துகொண்டது ஒலி. வயலின், வீணை, தம்பூரா, தபலா, மிருதங்கம் ஆகியவையே அந்நாளில் அவருடைய ஆய்வுக்கூடத்தின் கருவிகள்.

அதே நகரில், பௌபஜாரிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்திலுள்ள பிரஸிடென்ஸி கல்லூரியில், அவருக்கு ஒரு பத்தாண்டுக் காலம் முன்னதாக ஜகதீச சந்திர போஸ் மின்னலைகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஒருவர் மின்னலை, மற்றவர் ஒலியலை. இவ்விருவரையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுதுவதற்கு அண்மைக்கால விஞ்ஞானம் ஒரு காரணத்தைத் தந்திருக்கிறது. இப்பொழுது விஞ்ஞானிகள் 'மெட்டாமெட்டீரியல்' என்று ஒருவகைப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அதனை 'மீப்பொருள்' என்று சொல்லிப் பார்க்கலாம். இரும்பு இரும்பாக இருப்பது அதன் அணுக்களால். மீப்பொருளின் குணமோ அது எதனால் ஆனது என்பதைக் காட்டிலும் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அலையின் நீளத்தைவிடச் சிறிய உறுப்புகளைக் குறித்த ஓர் ஒழுங்கில் அடுக்கினால், அவ்வலைக்கு அந்த அடுக்கு முழுவதும் ஒரே பொருளைப் போலத் தோன்றும். அதுவும் இயற்கையில் இல்லாத குணம் வாய்ந்த பொருளாகத் தோன்றும். இக்கருத்துக்குப் பெயரிட்டவர்கள் நம் காலத்தவர். ஆனால் அமைப்பை மாற்றி அலையின் போக்கை மாற்றும் வேலையைக் கல்கத்தாவில் முன்னரே கண்டிருக்கிறார்கள். அதில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்பதைப் பிரித்தறிவது நமக்குக் கடமையாகும். முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர் என்று முழங்குவது எளிது, அதனால் அவர்களுக்கு ஒரு பெருமையும் சேர்வதில்லை.

முதலில் மின்னலையைப் பற்றிச் சொல்லுவோம். கோடை மாலையில் வங்காளத்தின் மீது கால்பைசாகிப் புயல் எழும்போது, வானொலிப் பெட்டியில் பாட்டுக்கு நடுவே 'கரகர' என்ற ஓசை கேட்பதை நேயர்கள் அறிவார்கள். மத்திய அலையில் கேட்போருக்கு இது மிக நன்றாகத் தெரியும். வானில் மின்னும் ஒவ்வொரு மின்னலும் ஓர் ஒலிபரப்பு நிலையமாகி, தன் அலைகளை நாற்றிசையும் வீசுகிறது. மின்னல் மாபெரும் தீப்பொறி. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் தம் அறையில் உண்டாக்கியதோ சிறு தீப்பொறி. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே. 1890-இல் பிரான்ஸில் எதுவார் பிரான்லி, கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத்தூள் தீப்பொறியின் அருகே மின்சாரத்தை எளிதாகக் கடத்தத் தொடங்குவதைக் கண்டார். 1894-இல் ஹெர்ட்ஸ் இளம் வயதிலேயே மறைந்தபோது, ஆலிவர் லாட்ஜ் இலண்டனில் அவருடைய பணியைப் பற்றி ஆற்றிய உரை அச்சாகிப் பல நாடுகளுக்கும் சென்றது. ரஷ்யாவில் அலெக்ஸாண்டர் போப்பவ் அதனின்று தூண்டுதல் பெற்று, 1895 மே மாதத்தில் தொலைவிலுள்ள மின்னலை முன்கூட்டி அறிவிக்கும் கருவியொன்றைக் காட்டினார். கல்கத்தாவில் அதைப் படித்த போஸ் வேறு திசையில் சென்றார்.

மின்னலின் அலைகள் மிக நீண்டவை. அவற்றில் கிலோமீட்டர்க் கணக்கில் நீளமுள்ளவையும் உண்டு. அத்தகைய அலையை ஓர் அறைக்குள் வைத்து அளக்க இயலாது. போஸ் செய்த முடிவு எளியது, ஆனால் அதுவே அனைத்துக்கும் திறவுகோலாயிற்று. அலையைச் சுருக்கினார். அவருடைய கருவி எழுப்பிய அலைகள் ஐந்து மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரையில் நீளமுடையவை. அக்கருவிகளை அவருக்குச் செய்து தந்தவர் பள்ளிப் படிப்பற்ற ஒரு தகரவேலைக்காரர். ஆய்வுக்கென்று கல்லூரி அவருக்கு அளித்த இடமும் மிகச் சிறியது. ஐரோப்பியப் பேராசிரியர்களுக்குரிய ஊதியம் தமக்கு மறுக்கப்பட்டமையால் மூன்றாண்டுக் காலம் ஊதியத்தையே வாங்காது பணியாற்றியவர் அவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களுக்கு அப்பால் மின்னலையைச் செலுத்தி மணியடிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அச்செய்தி பலரும் அறிந்தது. நமக்கு இங்கே வேண்டுவது அதுவன்று.

அலை சுருங்கியதால் அன்றாடப் பொருள்களின் உள்ளமைப்பு அலையின் அளவோடு ஒப்பிடத்தக்கதாயிற்று. போஸ் கையருகே கிடைத்தவற்றையெல்லாம் அலையின் பாதையில் வைத்துப் பார்த்தார். புத்தகம் ஒன்றின் தாள்களுக்கு இடையே ஊடுருவும் அலை, தாள்கள் நிற்கும் திசையைப் பொறுத்து ஒரு நிலையில் எளிதாகக் கடந்தது, மறு நிலையில் தடைப்பட்டது. பிராட்ஷா என்ற தடித்த ரயில்வே அட்டவணைப் புத்தகமே அவருக்குக் கருவியாயிற்று. தாள்களின் இடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகியபோது அது இன்னும் நன்றாக வேலை செய்தது. ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு ரயில் அட்டவணையின் பயன் ஒன்றே தெரியும். அதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று கண்டவர் போஸ். 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நிகழ்ந்த வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் தம் கருவிகளை அவர் ஆங்கில விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்.

1898-இல் வங்காளத்தின் சணல் அவருடைய ஆய்வுக்கு வந்தது. நாரெல்லாம் ஒரே திசையில் நிற்கும் சணற்கற்றை, நாரின் திசைக்கு ஏற்ப அலையை வடிகட்டும். அதே கற்றையைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, முறுக்கின் அச்சு வழியாக அலையைச் செலுத்தினால் என்ன ஆகும்? அலையின் அதிர்வுத் தளம் திரும்பிற்று. வலப்புறம் முறுக்கிய கற்றை ஒரு பக்கமாகவும், இடப்புறம் முறுக்கியது எதிர்ப்பக்கமாகவும் அதைத் திருப்பின. முறுக்காத கற்றை திருப்பவே இல்லை. பொருள் மூன்றிலும் ஒன்றுதான், சணல். வேறுபாடு முறுக்கில் மட்டுமே. சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதை வேதியியலார் முன்பே அறிந்திருந்தனர். வலம் திருப்பும் சர்க்கரையும் இடம் திருப்பும் சர்க்கரையும் தனித்தனி உண்டு. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் முறுக்கினால் அது நிகழ்வதாகக் கருதினர். அந்தக் கருத்தைக் கையால் தொட்டுப் பார்க்கத்தக்க அளவில் போஸ் உருப்பெருக்கிக் காட்டினார். ஆய்வுரை ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1914-க்குப் பின் பின்லாந்தின் கார்ல் லிண்ட்மன் சுருள் கம்பிகளைக் கொண்டு இதே வழியில் மேலும் சென்றார். இன்று மீப்பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் பலர் இந்தச் சணற்கற்றையிலிருந்து தொடங்குகின்றனர். அது நியாயமே. ஆனால் போஸ் மீப்பொருளைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது நியாயமாகாது. அவருக்கு வேண்டியது சர்க்கரை மூலக்கூறுக்கு ஒரு மாதிரி. புதிய பொருள்களைப் படைக்கும் கலையொன்றை அவர் வகுக்கவில்லை.

இனி ராமனிடம் வருவோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்து, சென்னை மாகாணக் கல்லூரியில் பட்டம் பெற்று, மத்திய அரசின் நிதித் துறைத் தேர்வில் வெற்றியடைந்து, 1907-இல் துணைக் கணக்காயராகக் கல்கத்தாவுக்கு வந்தார். வயது பதினெட்டு. உடன் வந்த மனைவியார் லோகசுந்தரி வீணை வாசிக்க வல்லவர். டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜாரில் 'இந்திய விஞ்ஞான வளர்ப்புச் சங்கம்' என்ற பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் இந்தியர்களின் நன்கொடையைக் கொண்டு நிறுவிய அச்சங்கம் அன்று ஆராய்ச்சியாளர் இன்றி வெறுமையாகக் கிடந்தது. விடியற்காலையில் அங்கே சென்று, பின் வீடு திரும்பிக் குளித்து உண்டு அலுவலகம் போய், மாலையில் அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் சங்கத்துக்குச் சென்று இரவு வரை உழைத்தார். அரசாங்க அலுவலில் இருந்துகொண்டே வேறொன்றிலும் மனம் வைப்போர் நம்மில் பலர் இருக்கின்றனர். அவர்கள் இந்த அன்றாட அட்டவணையை நினைத்துப் பார்க்கலாம். பரிசோதனையில் அவருக்கு உதவியவர் ஆசுதோஷ் தே, அதாவது எல்லோரும் அன்போடு அழைத்த ஆசு பாபு. கல்லூரி வாயிலை மிதியாத அவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. துணைநின்றவரின் பெயரை மறைக்காத அந்தப் பெருந்தன்மையை நாம் மிக உயர்வாகக் கருதுகிறோம்.

ராமனின் ஒலி ஆராய்ச்சிக்கு வித்திட்டது, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலியைப் பற்றி எழுதிய நூல். 1909-இலேயே ஏக்தாராவைப் பற்றி எழுதினார். 1918-இல் வில்லால் இசைக்கும் தந்திகளைப் பற்றி ஒரு பெருநூலைச் சங்கத்தின் வெளியீடாகக் கொணர்ந்தார். வயலினை ஆராய, வில்லை அசையாமல் நிறுத்தி வயலினை முன்னும் பின்னும் ஓட்டும் பொறியொன்றை அமைத்தார். வீணையிலும் தம்பூராவிலும் இன்னொரு விந்தையைக் கண்டார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்று நிற்கவேண்டிய மேற்சுரங்கள் எழவே மாட்டா என்பது ஐரோப்பிய விதி. நம்முடைய வீணையில் அவை எழுகின்றன. காரணம் குதிரையின் மேற்பரப்பு. தந்தி ஒரு கூரிய விளிம்பின் மீது நில்லாமல், மெல்ல வளைந்த பரப்பின் மீது பட்டும் படாமலும் தவழ்கிறது. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் நூலிழையை ஜீவா என்கிறோம். விதி எங்கே பொய்க்கும் என்பதை அறிந்து அவ்விடத்தில் நூலிழையை வைத்தவர் யாரோ, பெயர் தெரியாத ஒரு கைவினைஞர்.

மிருதங்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஒரு வட்டச் சட்டத்தின் மீது தோலை இழுத்துக் கட்டி அடித்தால் ஓசை வருமே ஒழியச் சுருதி வாராது. தந்தியில் அடிச்சுரத்தின் அதிர்வு ஒன்றென்றால், மேற்சுரங்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று முழு எண்களாக ஏறும்; காது அதை இனிமையாக ஏற்கிறது. வட்டத் தோலிலோ மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று ஒழுங்கின்றி ஏறுகின்றன. ஆதலால் ஐரோப்பிய ஒலியியல் நூல்கள் பேரிகை வகையை இசைக்கருவிகளின் வரிசையில் தாழ்ந்த இடத்தில் வைத்தன. மிருதங்கத்தின் வலந்தலையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பொருந்தாத் தீர்ப்பு. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். இந்தியத் தோற்கருவிகளில் மேற்சுரங்கள் முழு எண் வரிசையில் நிற்கின்றன என்பதே அதன் சாரம்.

அந்த வித்தை நடுவிலுள்ள கரணையில் இருக்கிறது. கிட்டக்கல்லின் தூளைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து உலர்த்துகிறார்கள். நடுவில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் அது அமைகிறது. தோலின் மீது மெல்லிய மணலைத் தூவி, அதிரும்போது மணல் எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று ராமன் பார்த்தார். அசையாத கோடுகளின் மீது மணல் தங்கும். சில அதிர்வுகளில் அக்கோடுகள் வட்டத்தின் விட்டங்கள். வேறு சிலவற்றில் உள்வட்டங்கள். விட்டக் கோடுள்ள அதிர்வுகளில் தோலின் நடுப்பகுதி ஏறக்குறைய அசைவதே இல்லை. கரணையின் பளு அவற்றைச் சிறிதே பாதிக்கும். நடு எழுந்து தாழும் அதிர்வுகளையோ அந்தப் பளு மிகவும் மந்தமாக்கிவிடும். அடிச்சுரம் தாழ்ந்து கொடுக்க, 1.59 என்பது 2 ஆகிறது. 2.14-உம் 2.30-உம் நெருங்கி வந்து இரண்டும் 3 ஆகின்றன. அடுத்த இரண்டும் சேர்ந்து 4. அதற்கும் மேலே மூன்று அதிர்வுகள் கூடி 5. இவ்வாறு ஒழுங்கற்றுக் கிடந்த ஒன்பது அதிர்வுகள் ஐந்து சுரங்களாகக் கட்டுப்படுகின்றன. ஐந்துக்கு மேற்பட்டவற்றைத் தோலின் ஓரத்திலுள்ள மற்றொரு தோல்வளையம் அடக்கிவிடுகிறது. வித்துவான் மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் இலேசாக வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் 'நம்' என்று தட்டும்போது, விரல் வைத்த இடத்தை ஓர் அசையாக் கோடு கடக்கும்படி செய்து, அடிச்சுரத்தை ஒடுக்கி இரண்டாவதை எழுப்புகிறார். மணல் காட்டிய படத்தை அந்த விரல் முன்பே அறிந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். சணலை முறுக்கிய போஸுக்குக் கேள்வி முதலில் தோன்றிற்று, விடையைக் கை தேடிற்று. மிருதங்கம் செய்தவருக்குக் கையே விடையை முதலில் கண்டது. கேள்வியை வகுக்க ராமன் வரவேண்டியிருந்தது. இவற்றுள் எது விஞ்ஞானம்? ராமன் இதில் தயங்கவில்லை. பண்டை இந்தியரின் ஒலியறிவு பாராட்டத்தக்கது என்று வெளிப்படையாக எழுதினார். அதே வேளையில் பாராட்டோடு நில்லாமல் மணலைத் தூவி அளந்தும் பார்த்தார். நாம் பின்பற்றத்தக்கது இந்த இரண்டாவது செயல் என்று நமக்குத் தோன்றுகிறது. தோல் பதனிட்டுக் கரணை இட்ட குடும்பங்கள் கச்சேரி மேடையின் அருகிலும் அமர இடமின்றி இருந்தன என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது முறையன்று.

1917-இல் ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, உயர்ந்த ஊதியமுள்ள அரசுப் பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார் ராமன். வங்காளத்தின் தலைவர் ஒருவர் தமிழ்நாட்டு இளைஞரைத் தேடி அழைத்த காலம் அது. 1921-இல் முதல்முறை இங்கிலாந்து சென்றபோது, இலண்டன் செயின்ட் பால் கோயிலின் கோபுரத்திலுள்ள வட்டத் தாழ்வாரத்தில் சதர்லாந்து என்பவருடன் ஒலியை அளந்தார். அங்கே ஒருபுறம் சுவரருகே முணுமுணுத்தால் மறுபுறம் கேட்கும். ஒலி சுவரை ஒட்டியே ஊர்கிறது என்று ரேலி பிரபு கூறியிருந்தார். சுவரிலிருந்து உள்நோக்கி வரும்போது ஒலி கூடியும் குறைந்தும் பட்டை பட்டையாக மாறுவதை ராமன் கண்டார். அந்தப் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கவனத்தை ஒளியின் பக்கம் இழுத்துச் சென்றது. இருப்பினும் ஒலியில் அவருக்கிருந்த பெயர் குன்றவில்லை. 1927-இல் ஜெர்மனியில் வெளிவந்த பௌதிகப் பெருநூலில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு அவருக்கே அளிக்கப்பட்டது.

1933-இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகச் சென்றார். அந்தப் பிரிவு இனிமையாக நிகழவில்லை. அடுத்த ஆண்டு பௌபஜார்ச் சங்கத்தின் நிர்வாகத்தைப் பற்றி எழுந்த பூசலில், வங்காளியர், வெளியார் என்ற பேச்சும் கலந்தது; கால் நூற்றாண்டுத் தொடர்பு அறுந்தது. பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இது படிக்கக் கசப்பான பக்கம். ஒரு பக்கத்தின் குற்றமாக மட்டும் இதை எழுதிவிடுதல் தகாது. ராமனின் கடுஞ்சொல்லும் புகழ்பெற்றது. மிருதங்கத்தைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை, அவர் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதமியின் முதல் தொகுதியில் வெளிவந்தது. கல்கத்தாவில் தொடங்கியது அங்கே நிறைவெய்திற்று.

பிற்காலத்தில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். 1967-இல் ரஷ்யாவின் விக்டர் வெஸலாகோ, ஒளியை எதிர்ப்புறமாக வளைக்கும் பொருள் இருக்கக்கூடும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். இங்கிலாந்தின் ஜான் பெண்ட்ரி 1999-இல் வெட்டிய உலோக வளையங்களைக் கொண்டு அதற்கு வழி சொன்னார். 2000-இல் அமெரிக்காவில் அது நுண்ணலைகளில் மெய்ப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹாங்காங்கில் பிங் ஷெங் குழுவினர் அக்கருத்தை ஒலிக்குக் கொணர்ந்தனர். ஈயக் குண்டுகளுக்கு ரப்பர் உறையிட்டுப் பிசினில் பதித்து, அந்தப் பலகையின் தடிமனைவிடப் பன்மடங்கு நீளமுள்ள ஒலியலையை அது தடுப்பதைக் காட்டினர். 2008-இல் அவர்களே இன்னும் எளிய ஒன்றைச் செய்தனர். ஒரு சட்டத்தில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஒரு சிறு எடையை ஒட்டினர். வினாடிக்கு நூறு முதல் ஆயிரம் அதிர்வு வரையுள்ள, சுவரால் தடுப்பதற்கு அரிய தாழ்ந்த ஓசையை, அத்துணை இலேசான பொருளால் தடுக்கவே இயலாது என்ற பழைய விதியை மீறி அது தடுத்தது.

இழுத்துக் கட்டிய சவ்வு, நடுவில் ஒரு பளு. மிருதங்கத்தைப் பார்த்து அதனைச் செய்தார்கள் என்று நாம் கூற வரவில்லை. நோக்கமும் நேர் எதிரானது. ஒன்று ஓசையை எழுப்ப, மற்றது ஓசையை அடக்க. ஆனால் இரண்டிலும் கணக்கு ஒன்றே. நடுவிலுள்ள எடையை மாற்றினால் சவ்வு எந்தச் சுரத்துக்கு இணங்கும் என்பது மாறுகிறது. பொறியியலார் அந்த எடையைக் கூட்டியும் குறைத்தும் தாம் தடுக்க வேண்டிய ஓசையைத் தேர்ந்துகொள்கிறார்கள். மிருதங்க வித்துவான் கச்சேரி தொடங்கும் முன் ரவையை நீரில் பிசைந்து இடந்தலையின் நடுவில் அப்புகிறார், தட்டிப் பார்க்கிறார், சிறிது கிள்ளி எடுக்கிறார், மறுபடியும் தட்டிப் பார்க்கிறார்.